வெள்ளை விரித்த கதிரை

பானி ஹலினாவின் பெட்டி நடுவழியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் தங்கிவிட்டது. நாங்கள் இருவர் மட்டும் மட்டக்களப்பு வந்து சேர்ந்தோம். மாற்றுத் துணி போனதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பெட்டிக்குள் இருந்த அலுவலக முத்திரையைப் பற்றித்தான் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். நாற்பது வருடத்தில் முத்திரை இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லையாம். முத்திரை விழாத காகிதத்தை அவர் ஊர் மேயர் மூக்குத் துடைக்கக்கூட எடுக்கமாட்டாராம்.

பானி என்பது போலந்துக்காரர்கள் பெண்களின் பெயருக்கு முன்னால் சேர்க்கும் மரியாதைச் சொல். நான் சங்கரன்கோவில்காரன். வடக்குப் போலந்தில், ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரில், மேசை நாற்காலி செய்யும் ஆலையின் ஏற்றுமதிப் பிரிவில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அந்த ஊரில் தமிழ் பேசும் ஒரே ஜீவன் நான்தான். ஒருநாள் பானி ஹலினா ஆலைக்கே வந்துவிட்டார். இலங்கைக்கு அவரோடு மொழிபெயர்ப்பாளனாக வர முடியுமா என்று கேட்டார். 'அங்கேயும் உங்கள் மொழிதானே' என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலாளி மறுபேச்சில்லாமல் விடுப்புக் கொடுத்தார். கேட்டவர் முன்னாள் துணை மந்திரி அல்லவா? போலந்தில் ஒருமுறை மந்திரியானவரைக் கடைசிவரை மந்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். ரொட்டிக் கடை வரிசையில்கூட 'மந்திரி அம்மா, உங்களுக்கு என்ன?' என்று கேட்கிறார்கள். நாற்காலி போன பிறகும் அந்த அழைப்பு போவதில்லை.

வந்த காரியம் இதுதான். பானி ஹலினா இப்போது எங்கள் ஊர்ப் பண்பாட்டு இல்லத்தின் இயக்குநர். ஜூன் மாதக் கடைசியில் அவர் நடத்தும் ஏரிக்கரை விழாவுக்கு மட்டக்களப்புக் கூத்துக் குழு ஒன்றை அழைக்க வேண்டும். வருகிறோம் என்று அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப வேண்டும். ஏனென்றால் இயக்குநர் பதவிக்கு மறுதேர்வு வருகிறது. மேயர் தன் ஆள் ஒருவரை அங்கே உட்காரவைக்கத் துடிக்கிறார். ஆனாலும், இலங்கைக் குழுவைக் கொண்டுவந்தால் உங்களை அசைக்கமாட்டேன் என்று பலர் முன்னிலையில் வாய்விட்டுவிட்டார். அப்போது இலங்கை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்பது பானி ஹலினாவின் கணிப்பு. அவருக்கு வயது அறுபத்திரண்டு. இந்த நாற்காலியும் போனால் அடுத்த நாற்காலி கிடையாது.

முதல் நாள் வேலை துணி வாங்குவது. எங்களுக்கு அமர்த்திய வேனின் ஓட்டுநர் நசீர் நானா காத்தான்குடிக்காரர். நானா என்றால் அண்ணன். தன் ஊரில் தெரிந்த துணிக்கடைக்கு அழைத்துப்போனார். பானி ஹலினா கடைக்காரரிடம் கைகொடுத்து, முறைப்படி தன்னை அறிமுகம் செய்துகொண்டார். அவருடைய அறிமுகம் பெயரோடு முடியாது. பண்பாட்டு இல்லத்தின் இயக்குநர், ஏரிக்கரை விழாவின் நிறுவனர், குடியரசின் முன்னாள் துணை மந்திரி என்று ஒவ்வொன்றாக நான் தமிழில் இறக்கிவைத்தேன். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் 'ஓம், ஓம்' என்று தலையாட்டிவிட்டு, மந்திரிக்கு ஏற்ற அளவில் பாவாடை இல்லை, கொஞ்சம் பிரித்துத் தைக்க வேண்டும் என்றார்.

மறுநாள் காலை விடுதியில் இடியப்பத்தோடு சொதி வந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுவது. அதைச் சாப்பிட வேண்டுமென்றால் யாராவது கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். இங்கே ஒரு காரணமும் இல்லாமல் தினம் காலையில் கிண்ணம் நிறைய ஊற்றுகிறார்கள். நான் மூன்று முறை கேட்டு வாங்கினேன்.

சாப்பிடும்போது பானி ஹலினா தன் கதையைச் சொன்னார். ஒவ்வொரு பதவியையும் அதில் இருந்த நாற்காலியை வைத்துத்தான் அவர் நினைவு வைத்திருந்தார். இருபத்திரண்டு வயதில் ஒரு பொம்மலாட்டக் கொட்டகையில் நுழைவுச் சீட்டுக் கிழிக்கும் வேலை. நாற்காலி கிடையாது, முக்காலி. பிறகு சுரங்க ஊர் ஒன்றில் பண்பாட்டு இல்லம். நாற்காலி இருந்தது, அறையைச் சூடாக்க நிலக்கரி இல்லை. சுரங்க ஊரில் நிலக்கரிக்காக அவர் மனுப்போட்டுக்கொண்டே இருந்தாராம். பிறகு பெரிய நகரத்தின் பண்பாட்டுத் துறைத் தலைவர், தோல் நாற்காலி. அடுத்து அமைச்சகத்தில் துணை மந்திரி. அங்கே இருந்தது சுழல் நாற்காலி. மூன்று வருடம் சுழன்றபின் அது அவரைக் கீழே இறக்கிவிட்டது. நீக்கப்பட்ட செய்தியை ஒரு ரயிலில், பக்கத்து இருக்கைக்காரரின் வானொலியில்தான் கேட்டாராம். வானொலிக்காரர் 'அப்பாடா' என்றாராம். ஏன் நீக்கினார்கள் என்று கேட்டேன். 'ஒரு முன் வரிசைக்காக' என்று சொல்லிவிட்டு இடியப்பத்தைக் கத்தியால் வெட்ட ஆரம்பித்தார்.

கூத்துக் குழு இருப்பது மட்டக்களப்பு வாவி என்கிற பெரிய உப்பேரியின் மேற்குக் கரையில், வெல்லாவெளிப் பக்கம் ஓர் ஊரில். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அந்த ஊர் வண்ணக்கர் கேட்டுக்கொண்டார். வண்ணக்கர் என்றால் ஊர்க் கோவிலை நிர்வகிப்பவர். அவர் சம்மதம் இல்லாமல் அந்தக் கோவிலில் மணிகூட அடிக்கமாட்டார்கள்.

குருக்கள்மடத்தில் வேனை நிறுத்திவிட்டு மிதவையில் வாவியைக் கடந்தோம். மிதவைகளின் மேல் பலகை அடித்து இயந்திரம் பூட்டியிருக்கிறார்கள். இங்கே அதற்குப் பாதை என்று பெயர். அக்கரையில் இறங்கி, ஓர் ஆட்டோ பிடித்து, அதுவும் போகாத இடத்தில் வயல் வரம்பின் மேல் நடந்தோம். எட்டு வருடமாகக் கார்ப்பெட் தரையில் மட்டுமே நடந்த எனக்கு இரண்டு முறை கால் சேற்றில் இறங்கியது. பானி ஹலினா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

கூத்து அழிந்துகொண்டிருக்கும் கலை என்று வார்சாவில் யாரோ ஒரு பேராசிரியர் அவருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். இங்கே வந்து பார்த்தால் ஆட ஆள் கூடிப்போய்ச் சண்டை. ராசா வேடத்துக்கு மூன்று பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் கத்தாரிலிருந்து வேலையை விட்டுவிட்டே வந்திருந்தார். குழுவின் தலைவரை அண்ணாவியார் என்கிறார்கள். ஆட்டமும் பாட்டும் பழக்குபவர், மத்தளமும் அவர்தான். மெலிந்த மனிதர், போலந்து என்றதும் உடனே கிளம்பத் தயாராகிவிட்டார். ஒரே ஒரு சிக்கல். பானி ஹலினா ஒரு மணி நேரக் கூத்து கேட்டார்.

"ஒரு மணித்தியாலமா?" என்றார் அண்ணாவியார். "எங்கட ராசா களரிக்கு வந்து சேரவே அவ்வளவு நேரம் செல்லும். விடியுமட்டும் ஆடினாத்தான் கூத்து."

களரி என்பது கூத்து ஆடும் வட்டக் களம். பானி ஹலினா யோசித்தார். பிறகு ஜூன் கடைசியில் எங்கள் ஊரில் பத்து மணிக்குத்தான் இருட்டும், மூன்றரைக்கெல்லாம் வெளுத்துவிடும் என்றார். 'விடியும்வரை ஆடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை' என்றும் சொன்னார். அண்ணாவியார் இப்படியும் ஒரு நாடா என்று என்னைப் பார்த்தார். நான் சத்தியம் செய்தேன். பானி ஹலினா நாற்பது வருட நிர்வாகி என்பதை அப்போது கண்ணால் கண்டேன்.

பின்னேரம் கோவில் முன்றலில் ஊர்க் கூட்டம். ஆண்களும் பெண்களும் வட்டமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பானி ஹலினாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இந்த வட்டத்தை ஓர் ஒளிப்பதிவில் பார்த்துத்தான் மட்டக்களப்பையே அவர் தேர்ந்தெடுத்தார். முன் வரிசை இல்லாத அரங்கு உலகத்தில் இது ஒன்றுதான் என்று விமானத்தில் என் தூக்கத்தைக் கெடுத்துச் சொல்லியிருந்தார்.

வட்டத்தின் ஒரு பக்கத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. இங்கே நாற்காலியைக் கதிரை என்பார்கள். நடுக் கதிரையின் மேல் சலவை மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் பக்கத்தில் நின்ற வண்ணக்கர் கந்தப்போடியார், தலைக்கு மை பூசிய, மார்பை நிமிர்த்தி நடக்கும் மனிதர். பானி ஹலினாவைப் பார்த்து வெள்ளை விரித்த கதிரையை நோக்கிக் கையை நீட்டினார்.

பானி ஹலினா சிரித்துக்கொண்டே கதிரையைத் தாண்டிப் போய், பெண்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்தார்.

பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. எதிர்ப்பக்கம் மீசைக்காரர் ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார். பானி ஹலினா என்னிடம் போலந்து மொழியில், 'நான் முன் நாற்காலியில் உட்காருவதில்லை என்று சொல்லுங்கள். அதற்காக ஒரு மந்திரிப் பதவியையே இழந்தவள் என்று சொல்லுங்கள்' என்றார்.

இதைச் சொன்னால் அகங்காரமாகத் தெரியும் என்று எனக்குப் பட்டது. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அம்மாவுக்குக் கால் வலி, தரையில உட்காந்தாத்தான் சௌகரியம்" என்றேன்.

வண்ணக்கர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, எல்லாம் யோசித்துச் சொல்கிறோம் என்றார். எல்லோருக்கும் இஞ்சி போட்ட தேநீர் வந்தது. நடுக் கதிரை காலியாகவே கிடந்தது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று பானி ஹலினா கேட்டபோது, சாதகமாகத்தான் பேசினார்கள் என்று சொன்னேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணைக்கு வந்தது.

மூன்றாம் நாள் முழுதும் பதில் வரவில்லை. அண்ணாவியாரிடம் தொலைபேசியில் கேட்டால், வண்ணக்கர் சொல்ல வேண்டும், நான் என்ன செய்ய என்றார். ராசா வேடக்காரர்கள் மூவரும் தனித்தனியாக எனக்கு அழைத்து, அதையே கேட்டார்கள்.

வேறு வேலை இல்லாததால் நசீர் நானா எங்களைக் கிரான் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வழியோரக் கடைகளில் எருமைத் தயிரைச் சட்டியோடு விற்கிறார்கள். பானி ஹலினா ஒரு வாய் எடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். போலந்தில் இதே தயிரை அவித்த உருளைக்கிழங்கோடு தின்பார்கள். இங்கே கிழங்கு கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். கடைக்காரர் சீனி இருக்கிறது, பாணி என்கிற வெல்லப்பாகு இருக்கிறது, கிழங்கு சந்தையில்தான் கிடைக்கும் என்றார். அவர் முகத்தில் தெரிந்த இரக்கத்தை நான் மொழிபெயர்க்கவில்லை.

பானி ஹலினா தயிர்ச் சட்டியோடு மரநிழலுக்குப் போனதும் நசீர் நானா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மேடத்துக்குக் கால்ல ஒரு நோவும் இல்லயெண்டு எனக்கே தெரியும். வண்ணக்கருக்குத் தெரியாதா? அந்த வெள்ளை விரிக்கிறதுக்கு அந்தாள் ஊரோட எவ்வளவு சண்டை பிடிச்சிருப்பாரு. இவ என்னடாண்டா பாயில போய் இரிந்துட்டா."

இந்தச் செய்தி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். மிதவைக்காரர் நசீர் நானாவின் மச்சான்காரனுக்குக் கூட்டாளியாம். வாவியின் இரண்டு கரைக்கும் தெரிந்த விஷயம் தெரியாமல் இருந்தது பானி ஹலினாவுக்கு மட்டும்தான். தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான் மட்டும்தான். அன்று இரவு அவரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் மேயருக்கு எழுதவேண்டிய அறிக்கையில் 'சாதகமான பேச்சுவார்த்தை' என்பதை எப்படி எழுதலாம் என்று அவர் என்னிடம் கேட்டார்.

நான்காம் நாள் காலை, நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினோம். மிதவையில் ஏறினால் அங்கே வண்ணக்கர் தன் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பட்டினத்தில் ஏதோ வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னார். பிறகு எதிர்க் கரையைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

நடு வாவியில் இயந்திரம் இருமிவிட்டு நின்றது. ஆற்றுவாழை என்கிற ஆகாயத்தாமரைக் கொடி அடியில் சுற்றிக்கொண்டுவிட்டதாம். மிதவைக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். ஏறி வந்தவர்கள் யாரும் பதறவில்லை. இரண்டு ஆசிரியைகள் பரீட்சைத் தாள்களை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார்கள். வெயில் ஏறியது.

மிதவையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு கால் கம்பி வைத்துக் கட்டியது. மிதவைக்காரரின் உதவியாள் அதைக் கொண்டுவந்து வண்ணக்கர் முன்னால் போட்டார். வண்ணக்கர் உட்காரவில்லை. கதிரையைப் பானி ஹலினா பக்கம் திருப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கால் நோ எண்டீங்க தம்பி. வரம்பில அவ ஆட்டுக்குட்டி மாதிரி நடந்து வந்ததக் கண்டனான். உண்மையச் சொல்லுங்க. அண்டைக்கு ஏன் கதிரையில இரிக்கல்ல?"

போவதற்கு வேறு இடம் இல்லை, சுற்றிலும் தண்ணீர். நான் முதலில் போலந்து மொழியில் என் இரண்டு பொய்களையும் பானி ஹலினாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கத்தவில்லை. 'அமைச்சகத்தில் என்னைக் கெடுத்தவர்களைவிட என்னைக் காப்பாற்ற முயன்றவர்களால்தான் எனக்கு அதிகம் நஷ்டம்' என்றார். பிறகு, இனி ஒரு சொல்லும் விடாமல் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தக் கால் கட்டிய கதிரையில் உட்கார்ந்தார். கதிரை ஒருபக்கம் சாய்ந்தது, அவர் காலை ஊன்றிச் சமாளித்துக்கொண்டார்.

அவர் சொன்னது இதுதான். துணை மந்திரியாக இருந்தபோது ஒரு திறந்தவெளி நாடக விழா. முன் வரிசை முழுவதும் மந்திரிகளுக்கும் அவர்களுடைய விருந்தாளிகளுக்கும் ஒதுக்கியிருந்தது. நாடகம் தொடங்கும் நேரம் வந்துவிட்டது, அவர்கள் இன்னும் விருந்து மேசையை விட்டு எழவில்லை. பின்னால் முதியோர் இல்லத்திலிருந்து வந்தவர்கள் கைத்தடியோடு நின்றார்கள். பானி ஹலினா அவர்களை அழைத்து முன் வரிசையில் உட்காரவைத்தார். அரை மணி கழித்து வந்த மந்திரிகள் நாடகம் முடியும்வரை நின்றார்கள். மறு மாதம் துறையைச் சீரமைப்பதாக அறிவிப்பு வந்தது. அந்தச் சீரமைப்பில் போனது அவர் நாற்காலி ஒன்றுதான். அன்றிலிருந்து அவருடைய விழாவில் முன் வரிசைக்கு ஒதுக்கீடு கிடையாது. அவரும் உட்காருவதில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்றே பார்ப்பார்.

ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். தாள் திருத்திக்கொண்டிருந்த ஆசிரியைகளும் சிவப்புப் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்கள். வண்ணக்கர் மனம் கரைந்து கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த முன் வரிசை மந்திரிமாருக்கு எண்டுதானே போட்டது?" என்றார் அவர்.

ஆமாம் என்றேன்.

"அப்ப அவ செய்தது பிழைதான். ஒராளுக்கெண்டு விரிச்ச கதிரைய எடுத்து இன்னொராளுக்குக் குடுக்க ஏலா. கிழவங்களுக்கு வேற கதிரை கொண்டந்து அதுக்கும் முன்னால போட்டிருக்கணும். இஞ்ச நாங்க விரிச்சது அவக்கு. அத வேணாமெண்டதும் பிழை. ரெண்டு தரமும் கதிரையிலதான் பிழை விட்டிருக்கா."

இதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். பானி ஹலினா கதிரை ஆட ஆடச் சிரித்தார். பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்து எழுதின, எதிர்க்கட்சி பாராட்டியது, நண்பர்கள் தியாகி என்றார்கள். முன் வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை போடலாமே என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லையாம். அவருக்கும் தோன்றவில்லையாம்.

வண்ணக்கரும் இளகினார். வெள்ளை விரிப்பது சாமிக்கும், கல்யாணப் பெண் மாப்பிள்ளைக்கும், களரியில் ராசாவுக்கும்தான், வெளிநாட்டுக்காரிக்கு எதற்கு என்று ஊரில் ஒரு பகுதியார் எதிர்த்திருக்கிறார்கள். இவர் பிடிவாதமாக நின்று விரிக்கவைத்திருக்கிறார். முழங்கையால் இடித்த மீசைக்காரர்தான் எதிர்த்தவர்களின் தலைவர். அடுத்த வருடம் வண்ணக்கர் பதவிக்கு அவருக்குக் கண். இரண்டு நாளாகக் கந்தப்போடியார் வீட்டை விட்டு வெளியே இறங்கவே கூசியிருக்கிறார்.

"இண்டைக்குப் பின்னேரம் அதே இடத்தில கதிரை போடுறன்," என்றார். "அவ வந்து ஊருக்கு முன்னால இரிக்கணும். நான் சொல்லுமட்டும் எழும்பப்படாது."

இயந்திரம் கிளம்பியது. மிதவைக்காரர் தலையில் பச்சைக் கொடியோடு ஏறி வந்தார்.

பானி ஹலினா தன் வாழ்க்கையில் அனுபவித்த பெரிய தண்டனை அன்று பின்னேரம் நடந்தது. மாலை போட்டார்கள். ஒன்பது பேர் பேசினார்கள். அதில் மீசைக்காரரும் ஒருவர், வெள்ளை விரிக்கும் யோசனை தன்னுடையது என்ற தோரணையில் பேசினார். பானி ஹலினா கதிரையின் நுனியில் முள்மேல் இருப்பது போல இருந்தார். ஒலிபெருக்கி கரகரத்தபோது எழுந்துபோய்க் கம்பியைச் சரிசெய்யப் பார்த்தார். வண்ணக்கர் ஒரு விரலைத்தான் காட்டினார், திரும்ப உட்கார்ந்துவிட்டார். மழைமேகம் பார்த்தார், வாசல் பார்த்தார், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

பிறகு அண்ணாவியார் மத்தளத்தை மடியில் எடுத்தார். மூன்று ராசாக்களில் கத்தார் ராசா களரியில் இறங்கினார். பகல் வெளிச்சம், வேடம் இல்லை, இடுப்பில் கட்டிய சாரத்தோடு காலில் சலங்கை மட்டும். அவர் சுற்றிச் சுற்றி ஆடியபோது வட்டமே அவரோடு மூச்சு வாங்கியது. நான் பானி ஹலினாவைப் பார்த்தேன். அவர் எப்போதோ பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் நனைந்திருந்தன.

'இங்கிருந்து பார்த்தால் எல்லாமே தெரிகிறது' என்றார் என்னிடம் மெதுவாக. 'இத்தனை வருடமாக நான் பக்கவாட்டிலிருந்து பாதிதான் பார்த்திருக்கிறேன்.'

வருடம் முழுவதும் நாற்காலிகளைக் கப்பலேற்றுகிறவன் நான். ஒருவருக்கு ஒரு நாற்காலி எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

கடிதத்தை வண்ணக்கர் சொல்ல நான் எழுதினேன். ஊர்க் கோவிலின் வருடச் சடங்கு முடிந்து ஒரு வாரம் கழித்துக் குழு புறப்படும். விடியும்வரை ஆடும். பிறகு ஒரு நிபந்தனை சொன்னார். அங்கே களரிக்கு முன்னால் ஒரு கதிரை போட்டு, வெள்ளை விரித்து, அதில் இந்த அம்மா இருக்க வேண்டும். இருக்காவிட்டால் மத்தளம் அடிக்கப்படாது.

நான் அலுவலக முறைப்படி, 'பண்பாட்டு இல்லத்தின் இயக்குநர்' என்று எழுதப்போனேன். வண்ணக்கர் பேனாவைத் தடுத்தார்.

"அதெல்லாம் எதுக்குத் தம்பி? பதவி இண்டைக்கு இரிக்கும், நாளைக்குப் போகும். வாற வருசம் நானே வண்ணக்கரோ ஆருக்குத் தெரியும்? பேர எழுதுங்க."

வெறும் பெயரை எழுதினேன். போலந்து மொழியிலும் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

ஐந்தாம் நாள், கிளம்பும் நாள், காலையில் பெட்டி வந்துசேர்ந்தது. பானி ஹலினா துணிகளைக்கூடப் பார்க்கவில்லை. முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, கடிதத்தின் அடியில் ஓங்கி ஒரு குத்து குத்தினார். விடுதி மேசை அதிர்ந்தது. ஐந்து நாளில் அவரை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை. கடிதத்தைப் படமெடுத்து மேயருக்கு அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். மறுதேர்வை முன்கூட்டியே நேற்று நடத்திவிட்டார்களாம். புது இயக்குநர் திங்கட்கிழமை பொறுப்பேற்கிறார். மந்திரி அம்மாவின் நீண்ட சேவைக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. இலங்கைக் கடிதத்துக்கு மனமார்ந்த நன்றி, விழா திட்டமிட்டபடி நடக்கும், முத்திரையைத் திரும்பியதும் ஒப்படைக்கவும்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. மேயரைப் பற்றிச் சங்கரன்கோவில் தமிழில் சிலவற்றைச் சொன்னேன். இந்த முறை அவர் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. முத்திரையைக் கைக்குட்டையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தார். வெகுநேரம் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் அழாமல் இருக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

பிறகு கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். 'அதில் இயக்குநர் என்று இருக்கிறதா?' என்றார். இல்லை, உங்கள் பெயர்தான் இருக்கிறது என்றேன். 'புது இயக்குநர் வந்து உட்கார்ந்தால்?' மத்தளம் அடிக்கப்படாது என்று எழுதியிருக்கிறது என்றேன். அதன் கீழேயே பண்பாட்டு இல்லத்தின் முத்திரையும் விழுந்திருக்கிறது, மேயரும் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டுவிட்டார். பானி ஹலினா எழுந்தார். போகும் வழியில் காத்தான்குடியில் அந்தத் துணிக்கடையில் நிறுத்த வேண்டும் என்றார்.

கடைக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். பூவேலை இல்லாத, கரை இல்லாத, சுத்த வெள்ளைத் துணி வேண்டும் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "ஆரும் மௌத்தா தம்பி?" என்றார்.

சாவு ஒன்றும் இல்லை, ஒரு கதிரைக்கு விரிக்க என்றேன்.

"கதிரைக்கா? ஆரு இரிக்கப் போறாங்க?"

ஐந்து நாளில் கதிரை என்ற சொல் பானி ஹலினாவுக்கு நன்றாகப் பழகியிருந்தது. கேள்வி என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் தானே பதில் சொன்னார்.

"ஹலினா" என்றார். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.